பதினோரு கெண்டைக் குஞ்சுகள்

முனிரத்தினத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். "இன்னா சம்மந்தி, பன்னெண்டாவது மீனு சௌக்கியமா?" என்று கேட்டார். நான் இறங்கவில்லை. சௌக்கியம்தான் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். அவர் சிரிக்கிற சத்தம் வளைவு திரும்புகிற வரைக்கும் கேட்டது. மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கினவர் குடிக்கவில்லை. அவ்வளவுதான். எழுபத்தொரு வயது. படுக்கையில் கிடக்காத சாவு, கொடுத்துவைத்தவர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

நீங்கள் கண்டக்டரிடம் முனிரத்தினம் வாய்க்காலுக்கு ஒரு டிக்கெட் கேட்டீர்களே அம்மா, அதனால்தான் சொல்கிறேன். மடியில் பாட்டில் பெட்டி வேறு வைத்திருக்கிறீர்கள். பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்துப்போக வருகிறீர்கள் என்று தெரிகிறது. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், வண்டி மலை சுற்றித்தான் போகும். அந்தப் பெயரை நம்பி நீங்கள் ஏதும் எழுதிவிடக் கூடாது பாருங்கள். வாய்க்கால் அவர் பெயரில் இருக்கிறது, சரி. அதில் ஓடுகிற தண்ணீரைத் தண்ணீராக்கியவன் நான். என் பெயர் எட்டியப்பன். நரிக்கல் செப்புச் சுரங்கத்தில் முப்பத்தியிரண்டு வருஷம் பம்ப் ஆப்பரேட்டர்.

சுரங்கம் எப்போதோ மூடிவிட்டது. ஆனால் சுரங்கத்தை மூடினால் தண்ணீர் மூடிக்கொள்ளுமா? உள்ளே ஊறிக்கொண்டேதான் இருக்கும். இறைக்காமல் விட்டால் சுரங்கத் தொழிலாளர் காலனி வீடுகளுக்குள் வந்துவிடும். அதனால் எல்லாரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் பம்ப்பைப் போடுவேன், தண்ணீர் வாய்க்காலில் விழும், வாய்க்கால் கீழ்ப்பட்டி நிலத்துக்குப் போகும். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா? பார்க்க டீத் தண்ணி நிறம். கால் வெடிப்பில் பட்டால் தேள் கொட்டின மாதிரி இருக்கும். ஒரு இரும்பு வாளியை வைத்தால் இரண்டு மாசத்தில் அடி இருக்காது. உள்ளே இருக்கிற கல்லில் கந்தகம் இருக்கிறதாம். காற்றும் தண்ணீரும் பட்டால் அது புளிப்பாக மாறி, செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வருமாம். இதெல்லாம் பின்னால் தாட்சாயணி மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முனிரத்தினத்துக்கு அதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், வாய்க்கால் ஓரமாக அவருடைய முக்கால் ஏக்கர் பச்சை பூத்துப்போய்ப் பதினான்கு வருஷமாகப் புல்கூட முளைக்காமல் கிடந்தது. அவ்வளவுதான் தெரியும். அதற்கு என்னைத் திட்டுவார். பம்ப்பைப் போடுகிறவன் நான்தானே. என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். "பம்ப்பு" என்பார். எதிரே பார்த்தால், "இன்னா பம்ப்பு, இன்னிக்கு எவ்ளோ விஷம் வுட்ட?" என்பார். நானும் சும்மா இருக்கமாட்டேன், நேற்றைவிட இரண்டு குடம் கூட என்பேன்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு நான் சம்பந்தம் பேசப் போகவேண்டி வந்தது பாருங்கள்.

என் மகள் செண்பகம் கீழ்ப்பட்டி பால்வாடியில் டீச்சராக இருந்தாள். முனிரத்தினத்தின் மகன் தணிகைவேல் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். பால்வாடிக்கும் டிராக்டருக்கும் என்ன வேலை என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு நாள் என் மனைவி பூங்காவனம் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள். நான் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "அவனா? அவங்கப்பன் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டானே" என்றேன். "இனிமே சம்மந்தின்னு கூப்பிடுவாரு, சாப்பிடு" என்றாள்.

போனேன். பாய் போட்டார், வெற்றிலை வைத்தார். கவனியுங்கள், மரியாதையில் குறை இல்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். காலனிக்கு லாரியில்தான் நல்ல தண்ணீர் வருகிறது, அது சுரங்கத் தண்ணீர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். நம்பமாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் பாக்கை மென்று முடித்தார். பிறகு சொன்னார்:

"உன் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல பம்ப்பு. தங்கமான பொண்ணு. உன் தண்ணி மேலதான் எனக்கு. ஒண்ணு சொல்றேன் கேளு. நீ வுடற தண்ணில ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, மீனு உசுரோட இருக்கட்டும். நாப்பத்தெட்டாம் நாளு தட்டோட நானே உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறேன்."

அந்தத் தண்ணீரில் மீன் நாற்பத்தெட்டு நிமிஷம் இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு யாராவது என்றால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்திருப்பார்கள். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்றால், அந்த மாசம்தான் தாட்சாயணி மேடம் பம்ப் ஹவுஸுக்கு வந்திருந்தார்கள்.

மேடம் ஏதோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர்கள். ஒல்லியாக இருப்பார்கள், எப்போதும் ஒரு கறுப்புக் குடை. களிமண்ணை வைத்துத் தண்ணீரிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மண்ணைப் போட்டால் தண்ணீர் கலங்கும், சுத்தமாகுமா? ஆனால் அவர்கள் ஒரு கண்ணாடிக் குவளையில் செய்து காட்டினார்கள். இரண்டு விஷயம்தான் அம்மா. முதலில் புளிப்பைக் குறைக்க வேண்டும். "புளிப்பு இருக்கிற வரைக்கும் மண்ணு கையை விரிச்சிடும் எட்டியப்பன், எதையும் பிடிக்காது" என்று அவர்களே சொன்னார்கள். அதனால் முதல் தொட்டியில் சுக்காங்கல், சுண்ணாம்புக் கல்தான். தண்ணீர் அதன்மேல் ஓடினால் புளிப்பு அடங்கும், இரும்பெல்லாம் துருவாக அடியில் தங்கும். அடுத்த இரண்டு தொட்டியில் களிமண். அது செம்பைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் மூன்று சிமெண்ட் தொட்டி கட்டினோம். நாங்கள் என்றால் நான்தான் கட்டினேன், மேடம் குடை பிடித்து நின்றார்கள்.

மேடம் எங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வெள்ளை மண் கொண்டுவந்தார்கள். மாவு மாதிரி இருந்தது. தொட்டியில் போட்டதும் கூழாகிக் குழாயை அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர்கள் முகம் வாடிப்போய்விட்டது. உருண்டையாக இருந்தால் இடுக்கில் தண்ணீர் ஓடும், ஆனால் உருண்டை தண்ணீரில் கரையாமல் இருக்க லேசாகச் சுடவேண்டும், செங்கல் மாதிரி சிவக்கவும் விடக்கூடாது, அதற்கு இந்த மண் சரிவராது என்றார்கள். நல்ல மண் எங்கே இருக்கிறது என்று சுற்றுவட்டாரம் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கே இருந்தது தெரியுமா? கீழ்ப்பட்டி ஏரியில். அந்த ஏரிச் சங்கத்துக்குத் தலைவர் யார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

மறுபடி போய் அதே பாயில் உட்கார்ந்தேன். மண் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு குடுக்க வந்தே, இப்போ மண்ணு கேக்க வந்திருக்கே" என்றார். ஆனால் கொடுத்தார். இரண்டு டிராக்டர் லோடு. மதகுப் பக்கம் தொடாதே, வடக்கு மூலையில் எடு என்றார். தணிகைவேல்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டு லோடை ஆறு நடையாகக் கொண்டுவந்தான். டயரில் காற்று கம்மி, பாரம் ஏற்றக்கூடாது என்றான். பொறுப்பான பையன். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

உருண்டை பிடிப்பது என் யோசனை. அதாவது, என் வீட்டில் வந்த யோசனை. முதல் தடவை நானே பிடித்து, வறட்டி அடுக்கிச் சுட்டேன். தீபாவளி மாதிரி வெடித்தது. ஒன்று மேடத்தின் குடையில் ஓட்டை போட்டுவிட்டது. பூங்காவனம் இதைப் பார்த்துவிட்டு, "சீடைக்கு மாவு ஈரமா இருந்தா இப்படித்தான் வெடிக்கும்" என்றாள். கோலிகுண்டு அளவுக்கு உருட்டி, துணியில் போட்டு நிழலில் இரண்டு நாள் உலர்த்தினாள். மண்ணோடு உமியும் சேர்த்துப் பிசைந்தாள். எதற்கடி உமி என்று கேட்டேன், உள்ளே ஆவி போக வழி வேண்டாமா என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுட்டுப் பார்த்தால் ஒன்றுகூட வெடிக்கவில்லை. மேடம் ஒரு உருண்டையை உடைத்து லென்ஸில் பார்த்துவிட்டு, உமி எரிந்துபோன இடமெல்லாம் பொடி ஓட்டை, அதற்குள் தண்ணீர் போகும், மண் இன்னும் நிறையப் பிடிக்கும், இது யார் யோசனை என்று கேட்டார்கள். நான்தான் என்று சொன்னேன். பூங்காவனம் பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வாள், உண்மைதானே. காலனிப் பெண்கள் ஆறு பேரை அவள் சேர்த்துக்கொண்டாள். தொட்டிக்கு நாலாயிரம், ஆக எட்டாயிரம் சீடை. உருட்டும்போது ஒரே கதையும் சிரிப்பும். நான் கிட்டே போனால் மட்டும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என்மேல் அவ்வளவு மரியாதை.

ஆவணி மாசம் தண்ணீரைத் திறந்தோம். மூன்று விரல் கனம் தண்ணீர். சுக்காங்கல்லில் இறங்கி, சீடையில் புகுந்து, கடைசியில் சின்னத் தொட்டியில் விழுந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது அம்மா. நான் அதில் போட கெளுத்தி பிடித்து வைத்திருந்தேன். முனிரத்தினம் வந்து எட்டிப் பார்த்தார். "கெளுத்தியா? அது சாக்கடையிலயும் குடும்பம் நடத்தும். எடு வெளியில" என்றார். அவரே ஒரு பாத்திரத்தில் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்திருந்தார். விரல் நீளம்தான் இருக்கும். கொஞ்சம் செம்பு இருந்தாலும் தாங்காத மீன். பதினொன்று எண்ணி விட்டார். அன்றைக்கு ஒன்றாம் நாள்.

முப்பது நாள் ஒரு குறையும் இல்லை. தினம் காலையில் தணிகைவேல் மீன் எண்ண வருவான். அவன் அப்பாதான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். செண்பகமும் பால்வாடிக்கு அரைமணி முன்னாலேயே கிளம்பி, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் அப்பா என்று தொட்டி வழியாகத்தான் போவாள். இரண்டு குடும்பத்திலும் பிள்ளைகளுக்கு அவ்வளவு அக்கறை.

முப்பத்தோராம் நாள் ஆயுத பூஜை.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்தியிரண்டு வருஷத்தில் ஒரு ஆயுத பூஜைக்குக்கூட என் பம்ப் அழுக்கோடு இருந்ததில்லை. விடியற்காலையிலேயே பித்தளை வால்வெல்லாம் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துப் பொன் மாதிரி ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தால்தான் எனக்கு நிம்மதி. அந்த வருஷம் வால்வைத் தேய்த்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தொட்டியில் சீடையெல்லாம் பச்சை பிடித்து வழவழவென்று கிடக்கிறது. பம்ப்பு பளபளவென்று இருக்க, தொட்டி மட்டும் பாசி பிடித்த மாதிரி இருந்தால் சாமி என்ன நினைக்கும்? ஒரு அண்டா நிறையப் புளி கரைத்தேன். சீடையை எல்லாம் வாரி அதில் போட்டு, ஊறவைத்து, கோணியில் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். பச்சையெல்லாம் இறங்கிப் பழையபடி மண் நிறம் வந்தது பாருங்கள், எனக்கே கண் நிறைந்துவிட்டது. அண்டாத் தண்ணீர் மயில் கழுத்து நிறம். அதைச் சாய்த்து ஊற்றினேன். எங்கே ஊற்றினேன்? பக்கத்திலேயே. மீன் தொட்டிக்குப் போகிற ஓடையில்.

பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு முனிரத்தினம் வந்தபோது பதினொன்றும் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தன.

நான் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறேன். செண்பகம் வந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்ணுக்கு இருபத்தாறு வயது. இதை விட்டால் அந்தப் படியை நான் எந்த முகத்தோடு மறுபடி மிதிப்பேன்? முனிரத்தினம் தொட்டியை எட்டிப் பார்த்தார். கையில் இருந்த பொரியைக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். "நாளையிலேருந்து ஒண்ணு."

முடியாது என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்த ஒரு விஷயத்தில் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

மறுநாள் தாட்சாயணி மேடம் வந்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நான் பம்ப்புக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் கழுவின சீடையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் புளி என்றேன். அப்படியே தொட்டிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் என்னவென்றால், சீடை கொஞ்ச நாளில் செம்பு நிறைந்து, இனி பிடிக்கமுடியாமல் போய்விடும். அப்புறம் அதை என்ன செய்வது, எட்டாயிரத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உருட்டுவதா என்று அவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்களாம். புளிப்பில் மண் கையை விரித்துவிடும் என்று அவர்களே சொன்னார்கள் அல்லவா? அதுதான் நடந்திருக்கிறது. பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டு மண் மறுபடி புதுசாகிவிட்டது. கழுவின தண்ணீரை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு அவர்கள் புளிக்குப் பதிலாகக் கொஞ்சம் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து கழுவினார்கள். அந்தத் தண்ணீரைப் பழைய இரும்புத் தகடு போட்ட பீப்பாயில் ஊற்றினால், இரும்பின்மேல் செம்பு சிவப்பாகப் படிந்தது. சுரங்கத்தை மூடின பிறகும் நரிக்கல்லில் செம்பு எடுத்தவன் நான் ஒருவன்தான்.

அவர்கள் எழுதின அறிக்கையில் இது வந்திருக்கிறது. 'உள்ளூர் ஊழியர் ஒருவர் தற்செயலாக' என்று போட்டிருக்கிறார்கள். தற்செயலாம். முப்பத்தியிரண்டு வருஷம் தவறாமல் செய்த பூஜை எப்படி அம்மா தற்செயல் ஆகும்? என் பெயரைக்கூடப் போடவில்லை. பூங்காவனத்தின் பெயரும் இல்லைதான், ஆனால் அவள் என்ன செய்தாள், சீடை உருட்டினாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் எனக்காக அவளாவது ஒரு கடிதம் எழுதியிருப்பாள்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். மறுபடி பதினோரு கெண்டை, மறுபடி ஒன்றாம் நாள். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. நான் சந்தோஷமாக இருந்தேன், மழைத் தண்ணீரும் சேர்ந்தால் மீனுக்கு நல்லதுதானே. முனிரத்தினம் குடையோடு வந்து, "மழை பெஞ்ச நாளு கணக்குல வராது. வானம் குடுக்கற தண்ணிக்கு நீ மார்க்கு வாங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் பார்த்து இருபத்திரண்டு நாள் மழை. நாற்பத்தெட்டு நாள் மார்கழி வரைக்கும் இழுத்தது.

அதற்குள் எனக்கு இன்னொரு கவலை. பம்ப் ஹவுஸ் கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார ஆரம்பித்தது. நான் விரட்டுவேன், அது பறக்கும், நான் டீ குடிக்கப் போனால் திரும்பி வரும். ஆனால் என் அதிர்ஷ்டம், ஒரு மீனைக்கூட அதனால் எடுக்க முடியவில்லை. எப்போது எண்ணினாலும் பதினொன்று. தணிகைவேல் ஒரு நாள் விடாமல் வந்து எண்ணுவான். கையில் எப்போதும் ஒரு தூக்குச்சட்டி இருக்கும், காலைப் பலகாரம் போல. ஈரம் சொட்டும்.

மீனில் சில மாற்றங்களை நான் கவனித்தேன். ஒன்றுக்கு வாலில் கறுப்பாக ஒரு மறு இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மறுவைக் காணோம். செண்பகத்திடம் கேட்டேன். "நல்ல தண்ணில மறு மறைஞ்சிடும்ப்பா" என்றாள். படித்த பெண். இன்னொரு மீன் போன வாரம் இருந்ததைவிடச் சின்னதாகிவிட்டது. அதற்கு அவள், களிமண் தண்ணீரில் இருந்தால் உடம்பில் உள்ள கொழுப்பு குறையும் என்றாள். இதை நான் முனிரத்தினத்திடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அவர் மகன் முகத்தைப் பார்த்தார், தொட்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இருமுகிற வரைக்கும் சிரித்தார். கீழ்ப்பட்டிக்காரர்களுக்கு விஞ்ஞானம் சொன்னால் அப்படித்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. காலையில் வெயில் அடித்தது, கணக்கில் வருகிற நாள். காலனிப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மேடமும் வந்திருந்தார்கள். முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, விரலை நீட்டி எண்ணினார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து எண்ணினார்.

"பம்ப்பு," என்றார், "நீ ஒரு வாட்டி எண்ணு."

எண்ணினேன். பன்னிரண்டு.

இன்னொரு தடவை எண்ணினேன். பன்னிரண்டுதான். செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகைவேல் தூக்குச்சட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். பூங்காவனம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். என்னைக் கேட்டால் அவர்களுக்கெல்லாம் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. எனக்குத்தான் பளிச்சென்று விளங்கியது. பூங்காவனத்தின் கையை உதறிவிட்டு உரக்கச் சொன்னேன்:

"குட்டி போட்டிருக்கு. என் தண்ணில மீனு குட்டி போட்டிருக்கு."

முனிரத்தினம் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துடித்தது. கோபத்தை அடக்குகிறார், எல்லாம் போச்சு என்றுதான் நான் நினைத்தேன். தணிகைவேல், "அப்பா" என்று ஒரு அடி முன்னால் வந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சும்மா இருடா. பெரியவங்க பேசறப்போ." பிறகு என்னிடம், "குடும்பம் பெருகுது பம்ப்பு. இதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?" என்றார். "வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்."

என்னையும் மேடத்தையும் மட்டும் வாய்க்கால் ஓரமாகக் கீழே கூட்டிக்கொண்டு போனார். பின்னால் பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சிரிப்பது கேட்டது. பயம் தெளிந்தால் பெண்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

அவருடைய செத்துப்போன முக்கால் ஏக்கரில், மேல் மூலையில், வேலி போட்டு நாலு சென்ட் இடம். மேல்மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டு ஏரி மண் கொட்டியிருந்தார். எங்கள் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரை ஒரு குழாய் போட்டுத் திருப்பியிருந்தார். எனக்குத் தெரியாமல். அதில் சிறுகீரை நின்றது அம்மா. முழங்கால் உயரம். அப்படி ஒரு பச்சை.

"ஐப்பசி மொத வாரத்துல வெதைச்சேன்," என்றார். "இது ரெண்டாவது அறுப்பு. இந்த மேடம்தான் மொத அறுப்பை எடுத்துட்டுப் போய்ப் பாத்து, சாப்புடலாம்னு எழுதிக் குடுத்தாங்க. மீனை நான் எப்பவோ வுட்டுட்டேன் பம்ப்பு. மீனு உனக்கு. இது எனக்கு."

அப்படியென்றால் அவர் ஒரு மாசம் முன்னாலேயே ஒத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? மேடமும் தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார்கள். நான் மழையில் மீன்கொத்தியை விரட்டிக்கொண்டு நின்றதெல்லாம் எதற்கு? இதைக் கேட்கவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் குனிந்து ஒரு பிடி கீரையைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். "சம்மந்தியம்மாகிட்ட குடு. சாயங்காலம் தட்டோட வரேன். கடைஞ்சி வெக்கச் சொல்லு" என்றார். நான் கேட்க வந்ததை மறந்துவிட்டேன்.

சொன்னபடி வந்தார். என் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். தை மாசம் கல்யாணம்.

கெண்டை மார்கழியில் பெருகாது, மீன் குட்டியே போடாது, முட்டைதான் இடும் என்று அப்புறம் இரண்டொருவர் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் யாரும் சுரங்கத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்கள் இல்லை. மேடத்திடம் கேட்டேன். நான் தண்ணீர்தான் படித்தேன் எட்டியப்பன், மீன் படிக்கவில்லை என்றார்கள். மாப்பிள்ளையிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது பன்னிரண்டு தொட்டி இருக்கிறது. சுரங்கத்துத் தண்ணீர் முழுவதும் சீடையில்தான் இறங்குகிறது. ஊர்க்காரர்கள் கூடி வாய்க்காலுக்குப் பெயர் வைத்தார்கள். நான் அன்றைக்கு பம்ப் ரிப்பேருக்கு டவுனுக்குப் போயிருந்தேன். இருந்திருந்தால் பேசியிருப்பேன். அவரே, பம்ப்புக்காரர் பெயரை வையுங்கள் என்று சொன்னதாகத் தணிகைவேல் சொல்கிறான். செத்தவர்களைப் பற்றிப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

நீங்கள் இறங்கினதும் வலது பக்கம் திரும்பி, வாய்க்கால் கரையிலேயே போங்கள். தண்ணீரை எந்த இடத்தில் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நாலு சென்ட் வேலியை எடுத்துவிட்டார்கள். வருஷத்துக்குக் கொஞ்சமாக ஏரி மண் கொட்டிக்கொண்டே வந்து, இப்போது முக்கால் ஏக்கரும் விளைகிறது. இந்த வருஷம் கத்தரி போட்டிருக்கிறார்கள்.